வீட்டு லேப்டொப்பிலேயே குபர்நெட்டிஸ் பழகலாம்

கொன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸைப் பழக, அம்பிட்டியவிலிருந்து கண்டி டவுனுக்கு வகுப்புத் தேடி அலையத் தேவையில்லை. ஒரு லேப்டொப்பும் பொறுமையும் இருந்தால் போதும்.

• லேப்டொப்பிலேயே குபர்நெட்டிஸ் கிளஸ்டரை ஓட்டும் இலவசமான மினிகியூப்பை நிறுவுங்கள். குறைந்தது 2 சிபியு, 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் வேண்டும்.

• முதலில் உங்கள் வெப் அப்பை டொக்கரில் தனியே ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடாதது கிளஸ்டரிலும் ஓடாது.

• அப்பின் டொக்கர் இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று டேக் போடாமல் ‘1.0’ என்று போடுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்றால், கிளஸ்டருக்குள் இமேஜ் இருந்தாலும் குபர்நெட்டிஸ் அதை வெளியே தேடிப் போகும். ‘இமேஜ்புல்பேக்ஓஃப்’ பிழை வர இதுவும் ஒரு காரணம்.

• அப்பின் ரெப்ளிக்காவை (பிரதிகளை) 3 ஆக்கி, ஒரு ‘பொட்’டை (அப் ஓடும் சிறு அலகை) நீங்களே அழித்துப் பாருங்கள். சற்று நேரத்தில் புதியது முளைக்கும். குபர்நெட்டிஸின் உயிர்நாடியே இதுதான்.

• பிழை வந்தால் பதறாமல் முதலில் ‘டிஸ்கிரைப்’, அடுத்து ‘லொக்ஸ்’ கட்டளையைக் கொடுங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

• வேலை முடிந்ததும் மினிகியூப்புக்கு ‘ஸ்டொப்’ கொடுங்கள். ‘டிலீட்’ கொடுத்தால் கிளஸ்டரில் செய்ததெல்லாம் போய்விடும்.

• கை பழகியதும், இலங்கையில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பலரீனா மொழியையும் தொட்டுப் பாருங்கள். குபர்நெட்டிஸுக்கு வேண்டிய யாமல் கோப்புகளை அதுவே எழுதித் தரும்.