தொண்டை வலி கணவருக்கு... ஆபத்து மனைவிக்கு!

"அண்ணே, ரெண்டு நாளா தொண்டை வலி, லேசா ஜுரம். போன தடவை கொடுத்தீங்களே, அந்த ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரையே நாலு கொடுங்க!"

எந்த மருந்துக் கடை வாசலிலும் ஐந்து நிமிடம் நின்றால் இந்தக் குரலைக் கேட்கலாம். நாலு மாத்திரை கைக்கு வரும். ரெண்டு போட்டதும் 'பரவாயில்லையே' என்று தோன்றும். மீதி ரெண்டும் அலமாரிக்குப் போய்விடும், அடுத்த ஜுரத்துக்கு!

இதெல்லாம் ஒரு விஷயமா என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த விஷயத்துக்காகத்தான் 2024 செப்டம்பர் 26-ம் தேதி, நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபையில் பல நாடுகளின் தலைவர்களும் அமைச்சர்களும் கூடிப் பேசினார்கள். 2016-ல் ஒரு தடவை பேசியது போதவில்லை என்று மறுபடியும் கூடினார்கள்.

அன்றே சொன்ன கதை

பென்சிலினை 1928-ல் கண்டுபிடித்தவர் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங். 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது, தன் உரையில் ஒரு குட்டிக் கதை சொன்னார்.

ஒருவருக்குத் தொண்டை வலி. தானாகவே பென்சிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிருமியைக் கொல்ல அந்த அளவு போதாது. ஆனால் மருந்தை எதிர்த்து நிற்க அதற்குக் கற்றுக்கொடுக்கப் போதும்! அதே கிருமி அவர் மனைவிக்குத் தொற்றி, நிமோனியா வருகிறது. டாக்டர் பென்சிலின் கொடுக்கிறார். பலிக்கவில்லை. மனைவி இறந்துபோகிறார். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார் ஃபிளெமிங்.

கவனித்தீர்களா? மாத்திரையை அரைகுறையாகப் போட்டவர் ஒருவர். உயிரை விட்டவர் இன்னொருவர். மற்ற மருந்துகளுக்கும் ஆன்ட்டிபயாட்டிக்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

பழகுவது உடம்பு அல்ல, கிருமி!

"இந்த மருந்து என் உடம்புக்குப் பழகிடுச்சு டாக்டர், கேக்க மாட்டேங்குது" என்பார்கள் சிலர். உண்மையில் பழகிக்கொள்வது கிருமிதான்.

கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டுக்குத் தற்செயலாக மருந்தைத் தாங்கும் சக்தி இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றதும், போட்டியில்லாத இடத்தில் இவை பெருகுகின்றன. வசதியான சூழ்நிலையில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும்! சில, மருந்தையே உடைக்கும் நொதியைத் தயாரிக்கும். சில, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும். இந்தத் தந்திரத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும் என்பதுதான் பெரிய சங்கடம்.

2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இத்தகைய தொற்றோடு தொடர்புள்ள எல்லா மரணங்களையும் சேர்த்தால் சுமார் 49.5 லட்சம்.

பிறந்த குழந்தைக்கு வரும் ரத்தத் தொற்று, சிசேரியன், மூட்டு மாற்று ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை – எல்லாமே ஆன்ட்டிபயாட்டிக் துணையை நம்பித்தான் இருக்கின்றன. அது போய்விட்டால்?

சென்னையிலும் இருந்தது

உயர்ரக ஆன்ட்டிபயாட்டிக்குகளையும் உடைத்துவிடும் ஒரு நொதிக்கு 'நியூ டெல்லி' என்ற பெயர் சேர்த்து வைத்தார்கள். 2010-ல் வெளியான ஆய்வில், சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் அது இருந்தது தெரியவந்தது. 'எங்கள் ஊர்ப் பெயரை எப்படி வைக்கலாம்?' என்று பெரிய சர்ச்சை கிளம்பியது.

ஆனால் நல்லதும் நடந்தது. 2012-ல் இந்திய மருத்துவ சங்கங்கள் பல சென்னையில் கூடி ஒரு திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அதற்குப் பெயர். ஏட்டில் மட்டும் அழகாக இருக்கும் சட்டம் வேண்டாம், நடைமுறையில் சாத்தியமானதைப் படிப்படியாகச் செய்வோம் என்பது அதன் சாரம். 2014 மார்ச் முதல் இந்தியாவில் புது விதியும் வந்தது. குறிப்பிட்ட சில ஆன்ட்டிபயாட்டிக்குகளை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர் இரண்டையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

நியூயார்க்கில் என்ன சிக்கல்?

மரணங்களை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பது என்று 2024 கூட்டத்தில் முடிவானது. ஆனால் கால்நடை, கோழிப் பண்ணைகளில் மருந்தை இத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்று முதல் வரைவில் இருந்த அளவு, கடைசியில் காணாமல் போனது. 'கணிசமாகக் குறைக்க முயல்வோம்' என்றுதான் எழுத முடிந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏழை நாடுகளில் சாதாரண ஆன்ட்டிபயாட்டிக்கூட நேரத்துக்குக் கிடைக்காமல் குழந்தைகள் இறக்கிறார்கள். ஆகவே 'குறை' என்று மட்டும் சொன்னால் போதாது. தேவைப்படுகிறவருக்குக் கிடைக்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்ட்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது: முதலில் பயன்படுத்த வேண்டியவை, எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டியவை, கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்க வேண்டியவை. மனிதர்களுக்குக் கொடுப்பதில் குறைந்தது 70 சதவீதம் முதல் வகையாக இருக்க வேண்டும் என்பதும் 2024-ல் வைத்த இலக்குதான்.

நாம் செய்ய வேண்டியது

* ஜலதோஷம், ஃப்ளூ, டெங்கு – இவை வைரஸால் வருபவை. ஆன்ட்டிபயாட்டிக் இவற்றை ஒன்றும் செய்யாது. தொண்டை வலியும் பெரும்பாலும் வைரஸால்தான்.

* மாத்திரை அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

* டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். காசநோய் மருந்தில் இது மிக மிக முக்கியம்.

* மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள், அடுத்த ஜுரத்துக்கும் வைக்காதீர்கள்.

* "டாக்டர், இது எனக்குக் கட்டாயம் வேணுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். தேவை என்றால், பயந்து தள்ளிப்போடாமல் சாப்பிடுங்கள்.

* சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது, தடுப்பூசிகளை உரிய நேரத்தில் போடுவது இரண்டும் தொற்றையே தடுக்கும். தொற்று இல்லையென்றால் மாத்திரைக்கு என்ன வேலை?

இன்றைக்கே வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அந்த மீதி ரெண்டு மாத்திரை அங்கே இருக்கிறதா?