மடக்கையைத் தொகையிடல்

எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் சிலர், வாரநாட்களிற் கற்கும் கணிதத்தையும் சனிக்கிழமைகளில் எம்மிடம் கொண்டுவருவதுண்டு. "அப்பாவிடம் கேட்டீரா?" என வினவினால், "அப்பாவுக்கு இந்த நாட்டுக் கணக்குத் தெரியாதாம்" என்பர். அத்தந்தையருட் பலர் தாயகத்தில் உயர்தர வகுப்பில் தூய கணிதம் பயின்றவர்கள். பிள்ளை 'இன்ரகிறேசன்' என்பதை அவர் 'தொகையீடு' எனக் கற்றார். 'லொகரிதம்' என்பதை 'மடக்கை' எனக் கற்றார். பெயரே வேறு. இருவரும் ஒருங்கிருந்து படிக்கத்தக்க ஒரு பாடத்தை இங்கே தருகின்றோம்.

மாணவச் செல்வங்களே! தொகையீடு வகையீட்டின் மறுதலையாகும். ய என்னும் மாறியின் அடுக்கைத் தொகையிட, அடுக்கோடு 1 ஐக் கூட்டி, வந்த எண்ணால் வகுப்போம். −1 என்னும் அடுக்குக்கு மட்டும் இவ்விதி உதவாது. அங்கே பூச்சியத்தால் வகுக்க நேரும். அவ்வெற்றிடத்தை நிரப்புவது மடக்கை. ய நேர் எண்ணாயின், 1/ய இன் தொகையீடு மட ய ஆகும். நேப்பியர் 1614 இல் மடக்கையை வெளியிட்டது பெருக்கலைக் கூட்டலாக்கி உழைப்பைக் குறைப்பதற்கே. அதிபரவளைவின் கீழுள்ள பரப்பும் மடக்கை போன்றே வளர்வதை 1649 இல் சரசா எடுத்துக்காட்டினார். கணக்கர்களின் கருவி பரப்பளவுக்குள் வந்து நின்றது வியப்பே.

இனி, மட ய ஐயே தொகையிடுவது எங்ஙனம்? பலர் 1/ய என எழுதிவிடுவர், அது வகையீடு. பாடநூல்கள் மட ய ஐ 1 × மட ய எனக் கொண்டு பகுதிகளாகத் தொகையிடும். அது சரியான வழியே. ஆயினும் அந்த 1 எங்கிருந்து வந்தது என மாணவர் மயங்குவர். நாம் வேறு வழியாகத் தொடங்குவோம். ய × மட ய ஐப் பெருக்கல் விதிப்படி வகையிடுக:

மட ய + ய × 1/ய = மட ய + 1

வேண்டியது மட ய. மிகையாய் நிற்பது 1. வகையிட்டால் 1 ஐத் தருவது ய. ஆகவே அதனைக் கழித்துவிட்டால், விடை

ய மட ய − ய + மாறிலி.

சரிபார்ப்போம். 1 முதல் 2.71828... என்னும் இயற்கை மடக்கையின் அடிவரை, மடக்கை வளையியின் கீழுள்ள பரப்பு யாது? மேலெல்லையில் விடை 0, கீழெல்லையில் −1. பரப்பு மிகச் சரியாக 1. முடிவுறாத் தசமத்தை எல்லையாகக் கொண்டும் முழு எண் கிடைப்பதைப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: தாங்கள் பயன்படுத்திய மடக்கை அட்டவணை 10 ஐ அடியாகக் கொண்டது. பிள்ளைகளின் கல்குலேற்றரில் இரு மடக்கைகளுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உள. அடி 10 ஆயின், கழிக்க வேண்டியது ய அன்று, ஏறத்தாழ 0.4343 ய.

இதே முறையில் மட ய இன் வர்க்கத்தையும் தொகையிடலாம். ய (மட ய)² ஐ வகையிட, (மட ய)² + 2 மட ய வரும். மிகையாய் நிற்கும் 2 மட ய இன் தொகையீட்டை முன்னரே அறிவோம். எனவே விடை:

ய (மட ய)² − 2ய மட ய + 2ய + மாறிலி.

கனத்தை நீங்களே செய்க. விடையில் 6 என்னும் எண் இருமுறை வரும். ஒருமுறை கூட்டற் குறியோடு, ஒருமுறை கழித்தற் குறியோடு.