மைக் பிடிக்க ஆசைப்படும் மாப்பிள்ளைக்கு

பொட்டிப்புரம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி வருகிறது என்று படித்ததும்தான் அக்காவுக்கு உயிர் வந்தது. கோவில்பட்டி மைதானத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த நாட்களில், மற்றவர்கள் ஆடுவதை வாய்க்குள்ளேயே வர்ணித்துப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். "ஹாக்கி வர்ணனையாளராக ஆக முடியுமா மாமா? அதற்குப் பெரிய ஆட்டக்காரனாக இருந்திருக்க வேண்டுமா?" என்றும் கேட்டிருந்தாய். இரண்டு பேருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன். பதில் அதில் இருக்கிறது.

முதலாமவர் ஆடியவர்: கனடாவின் ஹோவி மீக்கர். அங்கே ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கிக்கொண்டு ரப்பர் வட்டை அடிக்கும் ஆட்டம். இரண்டாம் உலகப் போரின்போது பயிற்சியில் கையெறி குண்டு வெடித்து அவருடைய கால்கள் காயமடைந்தன. அதிலிருந்து மீண்டு டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே, 1947 ஜனவரியில், ஒரே ஆட்டத்தில் 5 கோல் அடித்தார். 4 முறை ஸ்டான்லி கோப்பை வென்ற அணியில் இருந்தார். 1951இல், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்வானார்.

ஆனாலும் அடுத்த தலைமுறை அவரைத் தொலைக்காட்சியில்தான் அறிந்தது. ஓடுகிற ஒளிநாடாவை "அங்கேயே நிறுத்து!" என்று உரக்கச் சொல்லி நிறுத்துவார். திரையில் கோடு போட்டு, யார் எங்கே நின்றிருக்க வேண்டும், எந்தப் பாஸ் தப்பாகப் போனது என்று காட்டுவார். கோல் விழுந்ததை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கோல் மூன்று பாஸுக்கு முன்னாலேயே உருவாகிவிட்டதை அவர் பார்த்திருப்பார். 1970களில் சிறுவர்களுக்கு அடிப்படைகளைக் கற்றுத்தர ஒரு தொலைக்காட்சித் தொடரும் நடத்தினார். 2020 நவம்பரில், 97 வயதில் காலமானார்.

இரண்டாமவர் நம் நாட்டு ஜஸ்தேவ் சிங். இவருக்கு ஆட்டக்காரர் என்று பெயர் கிடையாது, குரல்தான் சொத்து. ராஜஸ்தானில் பிறந்தவர். 1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ ஆங்கிலத்தில் மணிக்கணக்காக வர்ணித்ததை வானொலியில் கேட்டார். நானும் வர்ணனையாளன் ஆவேன், இந்தியில் செய்வேன் என்று அம்மாவிடம் சொன்னார். வீட்டார் திகைத்துப் போனார்கள். ஏனென்றால் அவர் படித்தது உருதுவும் ஆங்கிலமும். இந்தி படித்ததே இல்லை. 1950இல் வானொலியின் குரல் தேர்வில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மொழியைக் கற்றுக்கொண்டார், விடாமல் முயன்றார். 1955இல் ஜெய்ப்பூர் வானொலி நிலையம் அவரை எடுத்துக்கொண்டது. பின்னாளில் 9 ஒலிம்பிக், 8 உலகக் கோப்பை ஹாக்கி, ஆண்டுதோறும் குடியரசு தின அணிவகுப்பு என்று நாடே அந்தக் குரலை அடையாளம் கண்டது. 2008இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2018 செப்டம்பரில் மறைந்தார்.

ஹாக்கிக்காரன் நீ, அவர் வர்ணித்த நாட்களில் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1975 மார்ச் 15, கோலாலம்பூர், உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியாவும் பாகிஸ்தானும். முதல் கோல் பாகிஸ்தானுக்கு. இரண்டாம் பாதியில் பெனால்டி கார்னரில் சுர்ஜித் சிங் சமன் செய்தார். அடுத்து, தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தின் உட்பக்கம் பட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே திரும்பிவிட்டது. கோல் இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் வாதாடினார்கள். மலேசிய நடுவர் விஜயநாதன் கோல்தான் என்றார். 2-1. ஆடவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது அந்த ஒரு முறைதான்.

இந்தியாவில் அந்த ஆட்டத்தை வீட்டிலிருந்து கண்ணால் பார்க்க வழியில்லை. கோடிக்கணக்கானவர்களுக்கு வானொலியே மைதானம். பந்து உள்ளே போனதா, வெளியே வந்ததா, நடுவரின் கை எந்தப் பக்கம் நீண்டது, எதிரணி ஏன் கத்துகிறது, அத்தனையையும் சில நொடிக்குள் வர்ணனையாளர் சொல்லியாக வேண்டும். முந்தினால் பொய்யாகும், பிந்தினால் கேட்பவர் தவித்துப் போவார். ஏலக்காயைச் சல்லடையில் தரம் பிரிப்பதுபோல, கண்ணில் படுகிற நூறில் சொல்லத் தக்க மூன்றை மட்டும் எடுக்கத் தெரிய வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆடியவனுக்குக் கண் கிடைக்கிறது. வாய் கிடைப்பதில்லை, அதைத் தனியாக உழைத்துத்தான் பெற வேண்டும். மீக்கருக்குக் கண் ஆட்டத்தில் கிடைத்தது. வாயை, ஒளிநாடாவை நிறுத்தி நிறுத்திப் பழக்கினார். ஜஸ்தேவ் சிங் மொழியிலிருந்து தொடங்கி ஆட்டத்தைக் கற்றார். தமிழில் கிரிக்கெட் வர்ணனைக்குப் பேர்போன சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் நாடகத்தில் பழகிய குரலோடுதான் வந்தார். உனக்குக் கண் வாய்த்துக்கொண்டிருக்கிறது. பாதி வழியை மைதானமே கடத்திவிடும். மீதிப் பாதிக்கு இன்றே தொடங்கு.

தினமும் ஒரு பக்கம் நல்ல தமிழை வாய்விட்டுப் படி. கொடைக்கானல் பண்பலையில் அறிவிப்பாளர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று கவனித்துக் கேள். ஆட்டத்தைச் சொல்லும்போது பந்து எங்கே, யாரிடம், எந்தப் பக்கம் போகிறது என்ற மூன்றையும் விடாதே. கோல் கணக்கை அடிக்கடி சொல். நடுவில் வந்து கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். எதிரணி நன்றாக ஆடினால் மனசாரச் சொல். பெனால்டி கார்னர், பாஸ், டர்ஃப் என்று நீங்கள் மைதானத்தில் சொல்லும் சொற்களையே சொல். கேட்பவனுக்குப் புரிவதுதான் மரியாதை. முக்கியமாக, முழங்கால் சரியானதும் மறுபடி ஆடு. வர்ணனைக்கு ஆசைப்பட்டு ஆட்டத்தை விட்டுவிடாதே. நீ ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் பின்னாளில் நீ சொல்லப்போகிற வாக்கியம்.

பொங்கல் விடுமுறைக்கு வந்துவிடு. நம் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் மைக் பிடிக்க ஆள் தேடுவார்கள். விழாக் குழுவில் சொல்லி முதல் சுற்று ஆட்டங்களுக்கு உன்னை உட்கார வைக்கிறேன். இரண்டு ஊர்க்காரர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஒரு பிடியைத் தப்பாகச் சொன்னாலும் அங்கேயே திருத்துவார்கள். அதைவிடக் கண்டிப்பான குரல் தேர்வு உனக்கு எங்கேயும் கிடைக்காது. தயாராகி வா.

அன்புடன்,
மாமா