சிறுநீரகக் குழாய்க் கல்: தானே வெளியேறுமா?

கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையுள்ள நம் கடற்கரையில், உப்பளத்திலும் வயலிலும் வெயிலில் உழைப்போர் பலர். வியர்வை மிகுந்து, பருகும் நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைகிறது. பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்பு விளைவதுபோலச் சிறுநீரகத்திலும் உப்புகள் படிந்து கல்லாகின்றன.

அக்கல் இறங்கிக் குழாயில் சிக்கும்போது விலாவிலிருந்து அடிவயிறு வரை தாங்கொணா வலி உண்டாகிறது. அது தானே வெளியேறுமா, சிகிச்சை செய்து நீக்க வேண்டுமா என்பதே நோயாளியின் முதற் கேள்வி. விடை பெரும்பாலும் இரண்டைப் பொறுத்தது: ஒன்று, கல்லின் அளவு, மற்றொன்று, அது நிற்கும் இடம்.

2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 172 நோயாளிகளின் சி.டி. ஸ்கேன் படங்கள் ஆராயப்பட்டன. 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையுள்ள கற்களில் நூற்றுக்கு 76 தாமே வெளியேறின. 5 முதல் 7 வரையுள்ளவற்றில் 60. 9க்கு மேற்பட்டவற்றில் 25 மட்டுமே. குழாயின் மேற்பகுதியில் நின்றவற்றில் 48ம், கீழ்ப்பகுதியில் நின்றவற்றில் 75ம் வெளியேறின. ஆகவே, சிறிதாய்க் கீழே நிற்கும் கல்லுக்கு மருத்துவர் மேற்பார்வையில் நான்கு முதல் ஆறு வாரம் வரை காத்திருக்கலாம். அளவும் இடமும் அறியாமல் வாழைத்தண்டுச் சாற்றை மட்டும் நம்பி மாதங்களைக் கழிப்பது தகாது.

வலி நின்றால் கல் போயிற்று என்று கருதுதலும் தவறு. அடைப்பு நீடிக்கும்போதே வலி அடங்குவதுண்டு. அந்நிலையில் சிறுநீரகம் ஓசையின்றிக் கெடும். எனவே சிறுநீரை மெல்லிய துணியில் வடிகட்டி, அகப்படும் கல்லை மருத்துவரிடம் காட்டுக. அகப்படாவிடில் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தல் அவசியம்.

குளிர்காய்ச்சல், சிறுநீர் நின்றுபோதல், மருந்துக்கும் அடங்காத வலி, ஓயாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனை செல்க. ஒற்றைச் சிறுநீரகம் உடையோர் இவை தோன்றும்வரையும் காத்திருத்தல் ஆகாது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது. கத்திக்கு அஞ்சிக் காலம் தாழ்த்த வேண்டுவதில்லை. இன்று பெரும்பாலான கற்களை வயிற்றைக் கிழிக்காமலே, சிறுநீர் வழியாக நுண்குழாய் செலுத்தி லேசர் ஒளியால் உடைத்தெடுக்கின்றனர்.

ஒருமுறை கல் கண்டவருக்கு மறுமுறையும் வரக்கூடும். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு நீர் பருகுதல் நலம். வெயிலில் உழைப்போர் சிறுநீர் வெளிர் நிறம் பெறும்வரை பருகுவாராக. ஆயினும் இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் நீரின் அளவை மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும்.