நாரும் நீரும்

மலைநிலத்தைக் குறிஞ்சி என்று பெயரிட்டு வழங்கினர் பண்டைத் தமிழர். அந்நிலத்தின் அழகையும் அருமையையும் ஒருங்கே காணத்தக்க இடங்களுள் ஒன்று நீலகிரி மாவட்டத்திலுள்ள அவலாஞ்சி ஆகும். உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, கடல்மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் அஃது அமைந்துள்ளது. சோலைகளும் புல்வெளிகளும் சூழ்ந்த அவ்விடத்தில் பரந்த நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பெரியதொரு மலைச்சரிவு நேர்ந்தது என்றும், சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஊர்ப்பெயராய்த் திரிந்தது என்றும் கூறுவர்.

அப்பெயர் வெறும் பழங்கதையன்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாளையொட்டிய ஒரே நாட்பொழுதில் அவலாஞ்சியில் 800 மில்லிமீட்டருக்கும் மிகுதியான மழை பெய்தது. சமவெளி ஊர்கள் பல ஓராண்டு முழுவதும் பெறும் மழைக்கு அஃது ஏறத்தாழ ஒப்பாகும். இத்தகைய மழை சரிவான விளைநிலத்தில் விழுமாயின், நீரோடு மண்ணும் இறங்கி ஓடுகின்றது. ஒரு விரற்கடை ஆழமுள்ள மேல்மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அதனை இழப்பதற்கோ ஓரிரவே போதும். இவ்விழப்பைத் தடுக்கும் வழிகளை ஆராய்வதற்கென்றே 1954-ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது.

மண் இழப்பு ஒரு துன்பம். மண்ணில் வாழும் பகை மற்றொரு துன்பம். நீலகிரி உழவர் நெடுங்காலமாக விளைத்துவரும் பயிர் உருளைக்கிழங்கு. 1961-ஆம் ஆண்டில் அப்பயிரின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு உதகைப் பகுதியில் கண்டறியப்பட்டது. அப்புழுவின் முட்டைகள் கடுகினும் சிறிய கூட்டினுள் நூற்றுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். உணவின்றியே மண்ணில் பல்லாண்டு உயிர்த்திருக்கும். உழுபடையில் ஒட்டிய மண், காலில் ஒட்டிய சேறு, விதைக்கிழங்கில் படிந்த புழுதி ஆகிய எதன் வழியாகவும் அது புதுநிலம் புகும். ஆதலின், நீலகிரியில் விளைந்த கிழங்கை விதைக்கெனப் பிற இடங்களுக்கு அனுப்பத் தடை ஏற்பட்டது. புழுவை எதிர்க்கும் ‘குப்ரி சொர்ணா’ என்னும் வகை 1985-ஆம் ஆண்டில் உழவர்க்குக் கிடைத்தது. ஆயினும், பகை முற்றும் ஒழிந்தபாடில்லை.

மழையால் மண் ஓடுகின்றது. எஞ்சிய மண்ணிலோ புழு இருக்கின்றது. இந்நிலையில், மண்ணையே விடுத்துக் கூரையின் கீழ்ப் பயிர் வளர்க்க இயலாதா என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. இயலும் என்று அறிவியல் விடை கூறுகின்றது. அதற்குரிய வழிகளுள் தலையாயவை இரண்டு: தென்னை நார்த்தூளில் வளர்த்தல் ஒன்று, சத்துக் கலந்த நீரிலேயே வளர்த்தல் மற்றொன்று. இவ்விரண்டனுள் எதனைத் தேர்வது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண், மண் பயிருக்குச் செய்யும் பணிகள் யாவை எனக் காண்போம். பெல்ஜிய நாட்டு அறிஞர் வான் ஹெல்மாண்டு என்பார் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை நிரப்பி, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே வார்த்து வந்தார். பின்னர் நிறுத்துப் பார்க்கையில் மரம் 169 பவுண்டுக்குச் சற்று மிகுதியாக இருந்தது. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்சே குறைந்திருந்தது. 1648-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இச்சோதனை கூறப்பட்டுள்ளது. மரம் முழுவதும் நீரால் ஆயது என்று அவர் முடிவு கட்டினார். அம்முடிவு முழுதும் சரியன்று. மரத்தின் உடலில் பெரும்பகுதி, காற்றிலுள்ள கரியமில வாயுவும் நீரும் கதிரொளியால் இணைந்து உண்டாயது. ஆயினும், அவர் பொருட்படுத்தாது விட்ட அந்த 2 அவுன்சில்தான் பயிரின் உயிர்நிலை அடங்கியிருந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம், மக்னீசியம், இரும்பு முதலிய உப்புகள் அளவாற் சிறியவை. அவையின்றேல் பயிர் இல்லை.

எனவே, மண்ணின் பணிகள் நான்கு ஆகும்: செடி சாயாமல் நிறுத்துதல், நீரைத் தேக்கித் தருதல், வேர் மூச்சுவிடக் காற்றுக்கு இடமளித்தல், உப்புச் சத்துகளை ஊட்டுதல். மண்ணை விடுப்பவன் இந்நான்கு பணிகளையும் தானே ஏற்றவனாகின்றான். இவ்வுண்மையை மறந்து மண்ணில்லாப் பயிரை எளிய வித்தையெனக் கருதுவோர் ஏமாற்றமே எய்துவர்.

ஜெர்மானிய அறிஞர் சாக்ஸ் என்பார் 1860-ஆம் ஆண்டளவில், உப்புகளை நீரில் உரிய அளவிற் கரைத்து மண்ணின்றியே செடிகளை வளர்த்துக் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த இதனை உழவுத்தொழிலாக்க முயன்றவர் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கெரிக் என்பவர். ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்னும் பெயர் 1937-ஆம் ஆண்டில் அவரால் வழக்கிற்கு வந்தது. கிரேக்க மொழியில் ‘ஹைட்ரோ’ என்பது நீர். ‘போனோஸ்’ என்பது உழைப்பு. மண் நீங்கிய பின்னரும் உழைப்பு நீங்கவில்லை என்பதை அச்சொல்லே உணர்த்துதல் காண்க. நம் நாட்டில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1946-ஆம் ஆண்டு முதல் அந்நாளைய டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்பாங்கில் இம்முறையை எளிய மக்களும் கையாளுமாறு அமைக்க முயன்றார். அவரும் மலையூர் ஒன்றையே தம் களமாகக் கொண்டமை கருதத்தக்கது.

இனி, நார்த்தூளின் இயல்பைக் காண்போம். தேங்காய் மட்டையை அடித்து நார் பிரிக்கும்போது, நார்களிடையே ஒட்டியிருந்த தக்கை போன்ற துகள் உதிர்கின்றது. கயிறு திரிப்போர்க்கு அது கழிவு. பொள்ளாச்சி முதலிய தென்னை மிகுந்த ஊர்களில் முன்னாளில் அது குன்றுபோற் குவிந்து கிடந்தது. இந்நாளில் அதனைக் கட்டிகளாக அழுத்தி அயல்நாடுகளுக்கும் அனுப்புகின்றனர். இத்துகள் தன் எடையைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு நீரை ஏற்கும். அங்ஙனம் ஏற்ற பின்னரும் வேருக்கு வேண்டிய காற்றைத் தன்னிடத்தே கொண்டிருக்கும். எளிதில் மக்காமையால் ஒன்றுக்கு மேற்பட்ட பயிர்களுக்கு உதவும். செடி நிற்றல், நீர் தேங்கல், காற்று உலாவல் என்னும் மூன்று பணிகளை நார்த்தூள் தானே ஏற்றுக்கொள்கின்றது. உப்பூட்டும் பணி ஒன்றே வளர்ப்பவனுக்கு எஞ்சுகின்றது.

நார்த்தூளுக்குக் குறையும் உண்டு. சாம்பல்சத்தும் சோடிய உப்பும் அதில் இயல்பாகவே மிகுந்துள்ளன. நன்னீரில் கழுவாது அப்படியே பயன்படுத்தினால் இளவேர் கருகும். அன்றியும், நார்த்தூள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்பால் பற்றிக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சாம்பல்சத்தை விடுக்கும் இயல்புடையது. ஆதலின், நட்ட செடியின் இளந்தளிர்கள் கால்சியம் இன்றி ஓரங் கருகுதல் உண்டு. அறிந்தோர் நடுவதற்கு முன்னரே அதனைக் கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஊறவைத்து, மீண்டும் கழுவிப் பயன்படுத்துவர். விலை மலிவு என்று கழுவாத துகளை வாங்குபவர் பின்னர்ப் பயிரை இழந்து வருந்துவர்.

நீர்முறையில் வகைகள் பல. சரிவான குழாய்களில் சத்துநீரை மெல்லிய ஓட்டமாக ஓடவிட்டு, அதில் வேர் நனையச் செய்தல் ஒரு வகை. தொட்டி நீரின்மேல் மிதவைப் பலகை இட்டு, அதன் துளைகளில் செடிகளை நிறுத்துதல் மற்றொரு வகை. வேரை இருட்பெட்டியினுள் தொங்கவிட்டுச் சத்துநீரைப் பனிபோல் தூவுதல் பிறிதொரு வகை. இதனை ‘ஏரோபோனிக்ஸ்’ என்பர். இம்முறைகளில் சத்து வேரை நேரே சென்றடைதலால் கீரை வகைகள் விரைந்து வளரும். ஓடிய நீரே திரும்பத் திரும்பச் சுழலுதலால் நீர்ச்செலவும் சுருங்கும்.

எனினும், நீர்முறை நொடிதோறும் விழிப்பை வேண்டுவது. நீரின் புளிப்புத்தன்மையைக் காட்டும் அளவெண் 5.5-க்கும் 6.5-க்கும் இடையே நிற்றல் வேண்டும். அது பிறழ்ந்தால் சத்து இருந்தும் வேர் அதனை ஏற்காது. ஒரு செடியின் வேரைப் பற்றிய அழுகல் நோய், சுழலும் நீரின் வழியே எல்லாச் செடிகளையும் சென்று பற்றும். இறைபொறி நின்றுவிட்டால் குழாயிலுள்ள வேர் சில மணி நேரத்தில் வாடும். பனிபோல் தூவும் முறையிலோ அதனினும் விரைவாக வாடும். மிதவை முறை மட்டும் சற்று நேரம் தாங்கும்.

அவலாஞ்சியின் இயல்போடு இவ்விரு முறைகளையும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். மலையுயரத்தில் காற்றழுத்தம் குறைதலால் அம்மிகுதி சற்றே தேய்ந்தாலும், கோடையில் சமவெளித் தொட்டி நீர் சூடேறி வேரழுகுவது போன்ற இடர் இங்கு அரிது. இஃது நீர்முறைக்கு ஆக்கம். ஆனால், மார்கழி, தைத் திங்கள்களில் இங்கு உறைபனி படிவதுண்டு. மெல்லியதாய் ஓடும் நீர் அவ்விரவுகளில் விரைந்து குளிரும். வேர் மரத்து மணிச்சத்தை ஏற்கமாட்டாது நிற்கும். பை நிறைந்த ஈரநார்த்தூளோ மெல்லவே குளிரும்.

மின்சாரம் பற்றியும் எண்ண வேண்டும். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்தில் அவலாஞ்சி நீர்த்தேக்கமும் ஓர் உறுப்பு. ஆயினும், புயலும் மழையும் மரங்களை வீழ்த்திக் கம்பிகளை அறுக்கும் நாளில், மின்சாரம் பிறக்கும் மலையும் இருளில் மூழ்கும். அந்நாளில் இறைபொறியை நம்பிய பயிர் என்னாகும்? நார்த்தூளில் வளரும் பயிருக்கு இவ்வச்சம் சிறிது. மேட்டில் ஒரு தொட்டி அமைத்தால், சத்துநீர் தானே இறங்கிச் சொட்டுச் சொட்டாகப் பைகளை நனைக்கும். மண்ணைக் கொண்டு ஓடும் அதே சரிவு, ஈண்டு இறைபொறியின் வேலையைச் செய்கின்றது.

அங்ஙனமாயின் நார்த்தூளே எஞ்ஞான்றும் சிறந்ததோ எனின், அன்று. உதகைக்கு அருகே முத்தொரையில், சிம்லாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஒன்று உள்ளது. நோயற்ற விதைக்கிழங்கை விரைந்து பெருக்குவதற்கு அந்நிறுவனத்தார் பனிபோல் நீர் தூவும் முறையைப் பண்படுத்தியுள்ளனர். வலைக்குடிற் பாத்தியில் ஒரு செடி 8 முதல் 10 சிறுகிழங்குகள் தரும். இம்முறையிலோ 35 முதல் 60 வரை தரும் என அவர்கள் கணக்கிடுகின்றனர். கிழங்கு முதிர முதிரப் பறிக்க இயலுதலும், மண்ணே படாமையால் நூற்புழு அணுகாமையும் இம்முறையின் பயன்கள். பயிற்சி பெற்றோரும், தடையற்ற மின்சாரமும், அதற்கு மாற்றுப்பொறியும் அமைந்த இடத்தில் நீர்முறையே வெல்கின்றது.

ஆகவே, தேர்வு முறையின் உயர்வு தாழ்வைப் பொறுத்ததன்று. வளர்ப்போர் நிலையைப் பொறுத்தது. ஒரு நாள் மறதியை நார்த்தூள் பொறுக்கும், நீர் பொறாது. மிகுந்த விளைவை நீர் விரைந்து தரும். நார்த்தூள் சற்றுத் தாழ்த்தே தரும். சிறு முதலோடு, வீட்டார் உழைப்பையே நம்பிப் பசுமைக்குடில் அமைக்கும் மலையுழவன், கழுவிய நார்த்தூளில் தொடங்குதலே அறிவுடைமை. அதில் சத்தின் அளவையும் பயிரின் குறிப்பையும் கற்றபின், ஒரு பகுதியில் நீர்முறையை அமைத்துப் பார்த்தல் தக்கது. தொடக்கத்திலேயே கடன்பட்டுப் பொறிகளை வாங்குவோன், ஓர் இரவு மின்தடையில் ஒரு பருவத்து உழைப்பையும் இழக்கக்கூடும்.

இரு முறையினரும் ஒருங்கே பேண வேண்டிய கடமை ஒன்று உண்டு. பயன்படுத்திய சத்துநீரை ஓடையில் விடுதல் ஆகாது. அவலாஞ்சியின் நீர் குந்தா ஆற்றின் வழியே பவானியைச் சேர்ந்து, காவிரியிற் கலக்கின்றது. மலையில் ஒருவன் கொட்டும் உப்பு, கீழே பலர் பருகும் நீரில் பாசியாய் விளையும். எஞ்சிய நீரைத் தோட்டத்துப் புல்லுக்கும் மரத்துக்கும் பாய்ச்சுதலும், பழைய நார்த்தூளை மக்கவைத்து நிலத்திற்கு இடுதலும் நன்று.

கூரையின் கீழ் வளரும் கீரையும் பூவும் மலைக்கு உதவுவன; ஆனால் அவை மலைமண்ணுக்கு மாற்று ஆகா. சோலையும் புல்வெளியும் தேயிலையும் அம்மண்ணிலேதான் நிற்கின்றன. நார்த்தூளும் நீரும் கொண்டு பயிர் வளர்த்தவன், மண் ஊதியமின்றிச் செய்துவந்த நான்கு பணிகளின் அருமையைத் தன் உழைப்பால் அளந்து அறிகின்றான். அங்ஙனம் அறிந்தவன் எஞ்சிய மண்ணைச் சரிவில் ஓடவிடான்.

பயிற்சி

1. மண் பயிருக்குச் செய்யும் நான்கு பணிகள் யாவை?
2. வான் ஹெல்மாண்டின் முடிவில் நேர்ந்த குறை யாது?
3. நார்த்தூளை நடுவதற்கு முன் கழுவி ஊறவைப்பது ஏன்?
4. உறைபனி இரவிலும் மின்தடை நாளிலும் இரு முறைகளும் எவ்வாறு வேறுபடுகின்றன?
5. நும் பள்ளியில் கீரை வளர்க்க இவ்விரண்டனுள் எம்முறையைத் தேர்வீர்? காரணங் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.
6. பிரித்து எழுதுக: இவ்விழப்பை, நன்னீர், மின்தடையில், இருட்பெட்டி.