சிவப்புப் பொத்தானை அழுத்திய பின் எத்தனை நொடி?

விருதுநகர் மாவட்டக் கரிசல் காடுகளில் தை, மாசி மாதங்களில் மானாவாரி மக்காச்சோளமும் சோளமும் களத்திற்கு வந்து சேரும். கதிரடிக்கும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும் காலம் அது. கையை இழக்கும் விபத்துகளும் அப்போதுதான் நேர்கின்றன. 1983ஆம் ஆண்டின் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், விசையால் இயங்கும் கதிரடிப்பானைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது.

"பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும்" என்று களத்தில் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். நிற்பது மின்சாரம், உருளை அன்று. நிமிடத்திற்கு 700 சுற்று ஓடும் உருளை, மின்சாரம் நின்றபின் சீராக வேகம் குறைந்து 12 நொடியில் நிற்பதாகக் கொள்வோம். அந்த நேரத்தில் அது 70 சுற்றுச் சுற்றிவிடும். கை நீளும் வேகத்தைப் பொறியாளர்கள் நொடிக்கு 2 மீட்டர் என்று கணக்கிடுகின்றனர். ஆகவே 90 செ.மீ. தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. முந்தானையோ கதிர்த்தட்டையோ சிக்கி இழுத்தால் இன்னும் விரைவு.

எனவே கையைக் காப்பது பொத்தான் அன்று, தூரமே. கதிர் ஊட்டும் தடம் குறைந்தது 90 செ.மீ. நீளமும், அதில் உருளைப் பக்கம் 45 செ.மீ. மூடப்பட்டும் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஊட்டுவதற்கு வசதியாக இருக்கிறதென்று மூடியைக் கழற்றி வைக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

பொத்தான் வேண்டாம் என்பதில்லை. சிக்கியவருக்குக் காயம் மேலும் பெருகாமலிருக்க அது உதவும். ஊட்டுபவரின் கைக்கெட்டும் இடத்தில், மஞ்சள் பின்னணியில் காளான் தலைச் சிவப்புப் பொத்தானாக அமைக்கவும். அழுத்தினால் அழுந்தியே நிற்க வேண்டும். விடுவித்தவுடன் மோட்டார் தானே ஓடக்கூடாது. கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்கும்படி, ஸ்டார்ட்டர் காயிலின் இணைப்பு இதன் வழியாகச் செல்வது நன்று.

கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வசதியானதே. அதையே கதிரடிப்பானுக்கும் தீவனம் நறுக்கும் இயந்திரத்திற்கும் பூட்டுவது பெருந்தவறு. மின்தடையின்போது சிக்கலை எடுக்கக் கைவிட்டிருப்பவர் மீது, மின்சாரம் திரும்பியதும் உருளை ஓடத் தொடங்கும். பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறைக்குள் இரும்புக் கருவியை அனுமதிக்காத நம் பகுதியினர், சொந்தக் களத்தில் இதற்கு இடம் கொடுக்கலாமா?

இப்போது வேகம் மாற்றும் மின்னணுக் கருவியுடன் (வி.எஃப்.டி.) மோட்டார்கள் வருகின்றன. சிலவற்றில் திருப்புவிசையை உடனே துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு உண்டு. நான் உழவியல் படித்தவன். எனினும் மின்பொறியாளர்களிடம் கேட்டறிந்த ஒன்றைக் கூறுவேன். துண்டிப்பது வேறு, பிரேக் பிடிப்பது வேறு. கனத்த உருளையில் விசையை மட்டும் துண்டித்தால் அது தன் போக்கில் நெடுநேரம் ஓடும். முதலில் கருவியே வேகத்தைக் குறைத்து, பின்னர் விசையைத் துண்டிப்பதே அங்குப் பொருந்தும். மிக விரைவாகக் குறைத்தால் உருளையின் சக்தி கருவிக்குள் திரும்பி, மின்னழுத்தம் ஏறிக் கருவி அணைந்துவிடும். அதற்குத் தடுப்பு மின்தடைச் சுருள் தேவை. விசை துண்டித்தபின்னும் கம்பிகளில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்கலாகாது.

உங்கள் இயந்திரத்தின் நேரத்தை நீங்களே அளக்கலாம். கதிரின்றி முழு வேகத்தில் ஓடவிட்டு, பொத்தானை அழுத்தி, உருளை அசைவற்று நிற்கும்வரை கைக்கடிகாரத்தில் நொடிகளைப் பார்க்கவும். மூன்று முறை அளந்து, அதிகமானதை இயந்திரத்தின் மேல் வண்ணத்தால் எழுதவும். பிரேக் உள்ள இயந்திரத்தில் அடுத்த பருவம் நேரம் கூடியிருந்தால் பிரேக் கட்டை தேய்ந்துள்ளது என அறியலாம். சிக்கலை எடுக்குமுன் அந்த நொடிகள் கழியட்டும். உருளை நின்றதைக் கண்ணால் பார்த்து, மெயின் சுவிட்சின் பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கை வைக்கவும்.