‘பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க!’

கடைக்காரர்களிடம் இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் வரும் பதில்தான் தலைப்பில் இருப்பது. கடன் வாங்கிய அன்று போட்ட அந்தப் பாலிசியைப் பிறகு யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நம்பிக்கை: வாடிக்கையாளருக்கு ஏதாவது ஆனாலும் அந்தப் பாலிசியே பார்த்துக்கொள்ளும்.

உண்மை: பேங்க் கேட்பது பொதுவாகத் தீ விபத்துப் பாலிசி. 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துக்கு 2021 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’வும் அந்த வகைதான். கட்டடம், மெஷின், ஸ்டாக் என உங்கள் உடைமைக்கு நேரும் சேதத்துக்கு அது பணம் தரும். டிபன் கடை அடுப்படியில் தீப்பிடித்தால் மேசைக்கும் கூரைக்கும் கிடைக்கும். சாப்பிட உட்கார்ந்திருந்தவரின் தீக்காயத்துக்கு நீங்கள் தரவேண்டிய நஷ்டஈடு அதில் சேராது. அதற்குப் ‘பப்ளிக் லயபிலிட்டி’ என்கிற பொறுப்புக் காப்பீடு வேண்டும். கடைகளுக்கான பாக்கேஜ் பாலிசிகளில் இது ஒரு பிரிவாகவும் கிடைக்கும்.

நம்பிக்கை: ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று போர்டு மாட்டியாச்சு.

உண்மை: 1998-இல் டெல்லி தாஜ்மஹால் ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தப்பட்ட மாருதி ஜென் கார் திருடுபோனது. கார் நிற்பது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்தான் என்று டோக்கனில் அச்சிட்டிருந்தார்கள். தன் கவனக்குறைவை அந்த வாசகத்துக்குப் பின்னால் ஓட்டல் மறைத்துக்கொள்ள முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதில் கவனிக்கவேண்டியது வேறொன்றும் உண்டு. கார்க்காரருக்கு அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற அந்தக் கம்பெனியே கார்க்காரரோடு சேர்ந்து ஓட்டல் மீது வழக்குப் போட்டது. ‘அவங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, நம்மகிட்ட வரமாட்டாங்க’ என்ற நினைப்பும் இதோடு போயிற்று.

நம்பிக்கை: நான் தயாரிக்கவில்லை, வாங்கி விற்கிறேன். கேஸ் வந்தால் கம்பெனி மேல்தான்.

உண்மை: எப்போதும் அப்படியில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிறர் தயாரித்ததில் தன் பெயரை ஒட்டி விற்பவரும் தயாரிப்பாளரே. மொத்தமாக எண்ணெய் வாங்கி உங்கள் லேபிளில் பாட்டிலில் அடைத்தால், குறைபாட்டுக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும். யார் தயாரித்தது என்று காட்ட முடியாத பொருளை விற்றாலும் அதே கதிதான். இதற்கான ‘புராடக்ட் லயபிலிட்டி’ காப்பீடு தனி.

நம்பிக்கை: வேலை செய்யும் பையனுக்கும் பப்ளிக் லயபிலிட்டியிலேயே வந்துவிடும்.

உண்மை: வராது. இ.எஸ்.ஐ. இல்லாத ஊழியர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி எடுக்கவேண்டும்.

நம்பிக்கை: லயபிலிட்டி பாலிசி இருக்கிறது, எவ்வளவு கேட்டாலும் கம்பெனி கட்டும்.

உண்மை: ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் இவ்வளவு என இரண்டு வரம்புகள் இருக்கும். அபராதமும் வேண்டுமென்றே செய்ததும் சேராது. நம் ஆட்கள் சறுக்குவது வேறிடத்தில். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ‘தப்பு எங்களுதுதான், செலவு பூரா நாங்க பார்த்துக்கிறோம்’ என்று பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ சமரசம் பேசவோ கூடாது என்பது இந்தப் பாலிசிகளின் வழக்கமான நிபந்தனை. கிளெய்மை மறுக்க அந்தக் காகிதமே காரணமாகலாம். முதலில் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யுங்கள், அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், வேறெதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டால்? தனிநபர் நடத்தும் கடைகளும் குறுந்தொழில்களும் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் தரலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.